புள்ளி வைக்க வாருங்கள், தோழர்களே!

குதுபலாங் முகாம் குன்றுகளில் மழை இறங்கிவிட்டது. தார்ப்பாய்க் கூரையின் மடிப்பிலும் வெட்டி நிறுத்திய மூங்கிலின் குழியிலும் குடிநீர் பிடித்துவைத்த வாளியிலும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தொடங்கியிருக்கும். முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். அதற்குள் நாம் முந்தியாக வேண்டும்.

2022ஐ மறக்க முடியுமா? காக்ஸ் பஜாரின் ரோஹிங்கியா முகாம்களில் மட்டும் 15,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அடுத்த ஆண்டு வங்கதேசம் முழுவதும் 3,21,179 பேர் பாதிக்கப்பட்டு 1,705 பேர் இறந்தார்கள். 2017இல் தீக்கும் துப்பாக்கிக்கும் தப்பி வந்த மக்களைக் கொசுக்கடிக்குப் பறிகொடுக்கக் கூடாது.

காய்ச்சலோடு வருபவருக்கு மலேரியா சோதனை செய்து, 'இல்லை' என்று வந்ததும் மாத்திரை கொடுத்து அனுப்புவது எளிது. பதிவேட்டில் 'காய்ச்சல்' என்ற ஒற்றைச் சொல்லோடு அவர் மறைந்துபோவார். கொள்ளைநோய் அந்த வரிகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது!

ஆகவே, காய்ச்சல் தொடங்கிய நாளைக் கேட்டு எழுதுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் வந்தால் என்எஸ்1 சோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம். நாள் தெரியாமல் செய்த சோதனை 'இல்லை' என்று சொன்னால் நம்பாதீர்கள். சோதனை அட்டை தீர்ந்துவிட்டதா? கண்ணுக்குப் பின்னால் வலி, உடலில் தடிப்பு, அடித்துப்போட்டாற்போல் உடம்புவலி இருந்தால் 'டெங்கு சந்தேகம்' என்றே எழுதுங்கள். மூட்டு வலியால் நடக்கவே முடியவில்லை என்றால் சிக்குன்குனியாவையும் நினையுங்கள். முகாம் எண்ணும் பிளாக்கும் விடுபடவே கூடாது.

ஒரே பிளாக்கில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துப் படுத்தால் வாராந்தர அறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே எச்சரிக்கை போகட்டும். அந்த இரண்டு மூன்று பேர் நம்மிடம் வந்தவர்கள் மட்டும்தான். வராதவர்களை வீடு வீடாகத் தேடிப் போகிறவர்கள் ரோஹிங்கியா தன்னார்வத் தோழர்கள். தாய்மார்கள் அவர்களிடம்தான் மனம் திறப்பார்கள். அவர்கள் கொண்டுவரும் செய்தியை வதந்தி என்று தள்ளாதீர்கள்.

புகை அடித்தால் போதும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. பறக்கும் கொசு சாகும், வாளியில் நெளியும் புழு பிழைத்துக்கொள்ளும். பகலில் கடிக்கும் கொசுவுக்கு இரவு வலை மட்டும் காவலாகாது. வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, மூடிவைக்கத்தான் வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் கண்காணிப்பை விடாதீர்கள், ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், துவண்டு கிடக்கும் குழந்தை, இதில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். ஆஸ்பிரினும் ஐபுப்ரொஃபெனும் கூடவே கூடாது. ஒருமுறை டெங்கு வந்தவரை வேறு வகை டெங்கு வைரஸ் தாக்கினால் நோய் கடுமையாகலாம். அப்படி ஒருமுறை வந்தவர்கள் இந்த முகாம்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

இன்று மாலைக்குள் ஒவ்வொரு மருத்துவ மையத்திலிருந்தும் கடந்த இரண்டு வாரக் காய்ச்சல் பதிவுகளைப் பிளாக் வாரியாகப் பிரித்து அனுப்புங்கள். நாளைக் காலை வரைபடத்தில் புள்ளி வைப்போம். புள்ளிகள் நெருங்கும் பிளாக்குக்கு மதியமே ஆள் போயாக வேண்டும். யார் யார் வருகிறீர்கள்? இப்போதே பெயர் கொடுங்கள்!