விரலின் விலை

மாமல்லைக் கடற்கரையில் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் உளியும் சுத்தியலும் கொண்டு பாறையைக் குடைந்து கோயிலாக்கினர். உளி கையின் நீட்சி. கை நின்றால் உளியும் நிற்கும். இன்று அவ்வூரின் சிற்பக் கூடங்களில் உளியோசையோடு, கல்லறுக்கும் மின்கருவியின் இரைச்சலும் கலந்து ஒலிக்கின்றது. அதன் வட்டத்தகடு கை தவறினாலும் சுழலும். கண் அயர்ந்தாலும் சுழலும். உடைந்து தெறித்தால் முகத்தைப் பிளக்கும். மனிதனுக்காகக் கருவி காத்திருந்த காலம் போய், கருவியின் வேகத்திற்கு மனிதன் ஈடுகொடுக்கும் காலம் வந்துவிட்டது.

இம்மாற்றத்தின் முழுவடிவைச் செங்கல்பட்டுக்கு வடக்கே, சிங்கப்பெருமாள்கோயில், மறைமலைநகர் வட்டாரத் தொழிற்கூடங்களில் காணலாம். வாகன உதிரிபாகங்கள் செய்யும் பவர் பிரஸ் என்னும் அழுத்துப்பொறியையே எடுத்துக்கொள்வோம். பழைய வகைப் பொறியில் தொழிலாளி தகட்டை அச்சின்மீது கையால் வைப்பார். காலால் மிதியை அழுத்துவார். மேலச்சு இறங்கித் தகட்டை வடிவாக்கும். இச்செயலை ஒரே ஷிப்டில் மீண்டும் மீண்டும், ஓயாது செய்தல் வேண்டும். கை வெளியே வருமுன் கால் அழுந்திவிட்டால், விரல்கள் போயின.

இத்தகைய கொடுமை நேருந்தோறும், "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று கூறிக் கணக்கை முடித்துவிடுவதுண்டு. சொல்லின் பொருளை ஆராயும் துறையினராகிய நாம் இச்சொல்லையும் ஆராய்தல் கடமையாகும். ஒரே அசைவை நாளெல்லாம் செய்யும் எவருக்கும் ஒரு நொடியேனும் கவனம் சிதறும். அது குற்றமன்று, மனித இயல்பு. அவ்வியல்பை அறிந்தே, இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றி இயங்காத அமைப்பும், கை குறுக்கிட்டால் பொறியை நிறுத்தும் ஒளித்திரையும் எப்போதோ உருவாக்கப்பட்டுவிட்டன. அவற்றைப் பொருத்தாமல் விடுவதும், உற்பத்தி குறைகின்றதென்று கழற்றி வைப்பதும் யாருடைய கவனக்குறைவு?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பொறியின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்றதோடு நின்றுவிடவில்லை. பொறி இயங்கும்போது அத்தடுப்பு அதன் இடத்திலேயே இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. கழற்றி வைப்போர் இருப்பர் என்பதைச் சட்டம் இயற்றியோர் அன்றே உணர்ந்திருந்தனர் போலும்! அச்சட்டம் இன்று 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. உரிமையாளரின் கடமை அடங்கிவிடவில்லை.

இழப்பீடு உண்டே என்பர் சிலர். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, உழைத்து ஈட்டும் திறனின் இழப்பைக் கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு, சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கோ சிறுவிரலுக்கோ 7 என வகுத்தது. சட்டத்திற்கு ஓர் அளவுகோல் தேவைதான். ஆனால் உளியை வழிநடத்தும் சிற்பியின் சுட்டுவிரல் வெறும் 14 விழுக்காடா? இழந்தபின் அளப்பதினும் இழவாமற் காப்பதே அறம்.

பாதுகாப்புச் சாதனங்களுக்குப் பொருட்செலவு மிகுதி என்பது சிறுதொழில் நடத்துவோர் கூற்று. அவர்தம் இடர்ப்பாடு பொய்யன்று. எனினும் குறை பணத்தில் மட்டும் இல்லை. 2010 அக்டோபர் இறுதியில், திருப்பெரும்புதூரில் அன்று இயங்கிய நோக்கியா கைப்பேசி ஆலையில், இளம்பெண் தொழிலாளி ஒருவர் பொறியில் சிக்கி உயிர் துறந்தார். செல்வம் மிக்க பன்னாட்டு நிறுவனத்திலும் அது நேர்ந்தது. ஆகவே முதலில் மாறவேண்டியது மனப்பான்மையே.

நம் மாணவர் பலர் நாளை இத்தொழிற்கூடங்களுக்கே செல்வர். தடுப்பில்லாப் பொறியில் கைவைக்க மறுக்கும் உரிமையை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஆயினும் வேலைக்குப் புதியவனாய்ச் செல்லும் இளைஞன் எவ்வளவு மறுத்துவிட முடியும்? எனவே, தொழில் நடத்தும் சமுதாயப் பெரியோரிடமே இவ்வேண்டுகோளை முதலில் வைக்கின்றேன்: நும் கூடத்தில் கழற்றி வைத்த தடுப்பு ஒன்றேனும் இருப்பின், நாளைக் காலை பொறி இயங்குமுன் அதனைப் பொருத்துக.