டிஸ்க்கை ‘மீண்டும் வளர்க்கும்’ ஊசி: காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் முன்னால் ஷிஃப்ட் முழுக்க நிற்பவருக்கும், அதே எஸ்டேட்டில் உள்ள ஐடி வளாகத்தில் நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காருபவருக்கும் பொதுவான பிரச்சினை ஒன்று உண்டு. இடுப்புக்கு நடுவில் விடாத வலி. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர்கள், ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் நின்றுகொண்டே போகிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் வரிசை மாறாது. முதலில் தைலம், அப்புறம் பெல்ட், அப்புறம் மாத்திரை, கடைசியில் ‘எம்ஆர்ஐ எடுத்தாச்சு, டிஸ்க் தேய்ஞ்சிருக்காம்’.

இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது ‘ரீஜெனரேட்டிவ்’ சிகிச்சை. ஆபரேஷன் வேண்டாம், டிஸ்க்குக்குள் ஒரே ஒரு ஊசி, தேய்ந்தது திரும்ப வளரும் என்கிற மாதிரி விளம்பரங்கள் ரீல்ஸில் வந்து விழுகின்றன. மூணு வருஷமாக வலியோடு ஓட்டியவர் இதைப் பார்த்தால் கை தானாக போன் நம்பரைத் தேடும். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இன்றைய நிலவரப்படி, நாள்பட்ட முதுகுவலி உள்ள பெரும்பாலானவர்களுக்கு இந்த ஊசி பொருந்தாது. ஆராய்ச்சியாக இது மதிக்கத்தக்கது. காசு கொடுத்து வாங்கும் சிகிச்சையாக இன்னும் தயாராகவில்லை.

ஊசிக்குள் என்னதான் இருக்கிறது?

ரீஜெனரேட்டிவ் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று பிஆர்பி. நோயாளியின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, பிளேட்லெட் செறிவாக இருக்கும் பகுதியை மட்டும் பிரித்து டிஸ்க்குக்குள் செலுத்துவார்கள். இன்னொன்று ஸ்டெம் செல். இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த செல்களை, சில நேரம் வேறொருவர் தானமாகக் கொடுத்து லேபில் பெருக்கிய செல்களை, எக்ஸ்ரே வழிகாட்டுதலுடன் உள்ளே போடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல; செலவும் சட்டமும் ஆதாரமும் வேறு வேறு. விளம்பரங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுதான் முதல் குழப்பம்.

சாப்பாடு போய்ச் சேராத இடம்

டிஸ்க் ஏன் தானாக ஆறுவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள கோயம்புத்தூர் வரை போக வேண்டும். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கின் உள்பகுதிக்கு ரத்தக்குழாயே கிடையாது. மேலேயும் கீழேயும் இருக்கும் எலும்பிலிருந்து ‘எண்ட் பிளேட்’ என்ற மெல்லிய தகடு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழு, நிறமூட்டும் மருந்தை உடலில் செலுத்தி, 24 மணி நேரம் வரை தொடர்ச்சியாக எம்ஆர்ஐ எடுத்து, அது டிஸ்க்கின் மையத்துக்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நேரடியாகப் பார்த்தது. 2004-ல் வெளியான அந்த ஆய்வுக்கு முதுகெலும்பு ஆராய்ச்சியில் உலக அளவில் மதிக்கப்படும் ஐஎஸ்எஸ்எல்எஸ் பரிசு கிடைத்தது. அது காட்டிய முக்கியமான விஷயம், எண்ட் பிளேட் சேதமானால் டிஸ்க்குக்குள் போகும் ஊட்டத்தின் பாதையே மாறிவிடுகிறது என்பது.

இதை வைத்துப் பார்த்தால் ஸ்டெம் செல் ஊசியின் சிக்கல் புரியும். தேய்ந்த டிஸ்க் என்பது ஏற்கெனவே ஊட்டம் குறைந்த இடம். இருக்கும் கொஞ்சம் செல்களே தாக்குப்பிடிக்க முடியாமல் செத்துக்கொண்டிருக்கின்றன. ரேஷன் லாரி வராத ஊருக்குள் இன்னும் ஆயிரம் பேரைக் குடியேற்றினால் என்ன ஆகும்? செல்கள் உள்ளே போவது ஒரு விஷயம், அங்கே பிழைப்பது வேறு விஷயம். எலிகளிலும் முயல்களிலும் நல்ல பலன் வந்த பிறகும் மனிதர்களிடம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகப் பார்க்கப்படுகிறது.

74-ம் 69-ம்

ஐரோப்பாவில் நடந்த ‘ரெஸ்பைன்’ ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது. டிஸ்க் தேய்மானத்தால் நாள்பட்ட முதுகுவலி உள்ள 114 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு தானமாகப் பெற்ற எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல். இன்னொரு குழுவுக்கு வெறும் பாவனை ஊசி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்து, ஸ்டெம் செல் குழுவில் 74 சதவீதம் பேருக்குக் குறிப்பிட்ட அளவு முன்னேற்றம். கேட்க அசத்தலாக இருக்கிறதா? பாவனை ஊசிக் குழுவில் 69 சதவீதம் பேருக்கும் அதே முன்னேற்றம். இந்த வித்தியாசம் புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை. எம்ஆர்ஐயிலும் டிஸ்க் மீண்டும் நீர்ப்பிடிப்போடு நிமிர்ந்ததாகத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்த 69-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீடியோவில் வந்து ‘எனக்கு முக்கால்வாசி வலி போயிடுச்சு’ என்று சொல்பவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. நிஜமாகவே குறைந்திருக்கும். முதுகுவலி ஏறி இறங்கும் நோய். உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் சிகிச்சைக்குப் போகிறார்கள், அதற்குப் பிறகு அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். பிதுங்கிய டிஸ்க்கே கூட, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ஆபரேஷன் இல்லாமலேயே சுருங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் எந்த ஊசி போட்டிருந்தாலும் பெயர் ஊசிக்குத்தான் போகும்.

ஆஸ்திரேலியாவின் மீசோபிளாஸ்ட் நிறுவனம் 404 பேரிடம் நடத்திய மூன்றாம் கட்டப் பரிசோதனையும் 2021-ல் இதே மாதிரி முடிந்தது. வலி, இயக்கம் இரண்டையும் சேர்த்து அளந்த முதன்மை இலக்கில் ஸ்டெம் செல் ஊசியால் உப்புநீர் ஊசியைத் தாண்ட முடியவில்லை. வலி தொடங்கி ரொம்ப வருஷம் ஆகாதவர்களிடம் மட்டும் வலி கூடுதலாகக் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. அது நிஜமா, தற்செயலா என்று தெரியத்தான் இன்னொரு பெரிய பரிசோதனை தொடங்கப்பட்டது. நேர்மையான வழி இதுதான்.

பிஆர்பியில் நிலைமை இன்னும் மங்கல். அதிகம் மேற்கோள் காட்டப்படும் 2016-ம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் இருந்தது 47 பேர். எட்டு வாரத்தில் சில அளவீடுகளில் பிஆர்பி குழு மேலாக இருந்தது. அதற்குப் பிறகு மற்ற குழுவினரும் விரும்பினால் பிஆர்பி போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டதால், நீண்டகால ஒப்பீடு இல்லாமலே போனது. ‘நம்ம ரத்தம்தானே, என்ன ஆகிடும்?’ என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. டிஸ்க்குக்குள் போகும் எந்த ஊசியிலும் தொற்று ஏற்படும் வாய்ப்பு சிறிதளவு இருக்கிறது. பரிசோதனைக்காக ஊசி குத்தப்பட்ட டிஸ்க்குகள் பத்து வருஷத்தில் மற்றவர்களின் டிஸ்க்குகளைவிட வேகமாகத் தேய்ந்திருந்ததாக 2009-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்த விஷயத்தில் இந்திய விதி ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவு. ஐசிஎம்ஆரும் உயிரி தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்த அனுமதி இருப்பது ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுக்கு மட்டுமே. மற்ற எதற்குப் பயன்படுத்தினாலும் அது ஆராய்ச்சி. அனுமதி பெற்ற கிளினிக்கல் டிரயலுக்குள்தான் நடக்க வேண்டும். டிரயலில் சேருபவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது.

இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அதே கோட்டில்தான் நிற்கின்றன. பாலிசிகள் கட்டாயம் கவர் செய்ய வேண்டிய நவீன சிகிச்சைகள் என்று ஐஆர்டிஏஐ 2019-ல் போட்ட பட்டியலில் ஸ்டெம் செல் இருக்கிறது. ஆனால் மஜ்ஜை மாற்றுக்கு மட்டும். ஆபீஸில் கொடுத்த மெடிக்கல் கார்டை நம்பி டிஸ்க் ஊசிக்குப் போகிறவர் பில்லைக் கையிலிருந்து கட்டத் தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று போதும்: ‘இது டிரயலா? சிடிஆர்ஐ பதிவு எண் என்ன?’ இந்தியாவில் நடக்கும் எந்த டிரயலும் 2009 ஜூன் முதல் அந்த அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். எண்ணைப் போட்டால் ஆன்லைனில் யாரும் பார்க்கலாம். எண் இல்லாமல் எஸ்டிமேட் மட்டும் வந்தால் பதில் அதிலேயே இருக்கிறது.

அப்போ யாருக்குமே பொருந்தாதா?

ஆராய்ச்சிகள் தேடும் நோயாளி யார் என்று பார்த்தால் வட்டம் ரொம்பச் சின்னது. வலி டிஸ்க்கிலிருந்தே வர வேண்டும். காலுக்கு இறங்கும் நரம்பு அழுத்தமோ எலும்பு நழுவலோ இருக்கக் கூடாது. தேய்மானம் நடுத்தரமாக இருக்க வேண்டும். முற்றிலும் தட்டையாகிப் போன டிஸ்க்கில் வளர்க்க எதுவும் மிச்சமில்லை. மாதக்கணக்கில் முறையான சிகிச்சை செய்தும் பலன் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நம்ம ஆட்களில் பெரும்பாலானவர்கள் கழன்றுவிடுவார்கள். மூணு நாள் கரன்ட் வைத்துவிட்டு வந்ததை ‘பிசியோ பார்த்தாச்சு’ என்று சொல்வது வழக்கம்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டையும் இங்கே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ம் ஆண்டு ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். எல்4-எல்5 பல்ஜ் என்று எழுதியிருப்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்றாகிவிடாது. மறுபக்கம், சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் முதுகெலும்பு காசநோயா என்று பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் இறுகிப்போய், நடக்க நடக்க இலகுவாகும் இளைஞர்களுக்கு அது ஒருவகை மூட்டுவாதமாக இருக்கலாம். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ பாதம் தொங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை. இவை எதற்கும் டிஸ்க் ஊசி மருந்தல்ல.

ஊசி விற்பது நேரத்தை

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும் நோய் பற்றிய விளக்கத்தையும் முன்னால் வைக்கிறது. நம்ம ஏரியா கிளினிக்குகளில் சர்வசாதாரணமான பெல்ட், டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் மூன்றையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்து 2024-ல் ‘லான்செட்’டில் வந்த ஆய்வில், முதுகுவலியிலிருந்து மீண்டவர்களில் நடைப்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வலி திரும்ப வர சராசரியாக 208 நாள் ஆனது, சேராதவர்களுக்கு 112 நாள். செருப்புச் செலவு மட்டும்தான்.

ஆனால் ‘வாக்கிங் போங்க’ என்று சொல்வது சுலபம். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் சிடிஎச் ரோட்டில் எங்கே நடப்பார்? வாரம் மூணு நாள் பிசியோவுக்குப் போனால் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் போகும். ‘ஒரே ஊசி’ என்ற வார்த்தை இங்கே இவ்வளவு எடுபடுவது அறிவியலுக்காக அல்ல, அது ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதற்காக.

அதற்கு இருக்கும் வழிகள் யாரும் ரீல்ஸ் போடாதவை. மாதச் சம்பளம் ரூ.21,000-க்குள் இருந்து ஈஎஸ்ஐ பிடித்தம் ஆகிறவருக்கு, அயனாவரம் ஈஎஸ்ஐ மருத்துவமனையும் கே.கே.நகர் ஈஎஸ்ஐசியும் இருக்கின்றன. போதிய நாட்கள் சந்தா கட்டியிருந்து டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். கே.கே.நகரிலேயே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே பிசியோதெரபி வரும். பிடித்தம் ஆகிறது, ஆனால் கார்டு எங்கே என்று தெரியாது என்பவர்கள் எஸ்டேட்டில் இருந்தால், லட்சங்களில் எஸ்டிமேட் கேட்பதற்கு முன் எச்ஆரிடம் கேட்க வேண்டியது அந்த ஈஎஸ்ஐ நம்பரைத்தான்.