பஞ்சுக்குச்சி எட்டாத லாயங்கள்

2008ஆம் ஆண்டு இந்தியக் குதிரைகளிடையே பரவிய இன்ஃப்ளூயன்சாவில், பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ்களுள் ஒன்றுக்கு 'மைசூர்/12/08' என்று பெயர். அதற்கு முன்னதாக அதே ஆண்டில் கிடைத்தது 'ஜம்மு-கட்ரா/6/08'. மறு ஆண்டில் கிடைத்தது 'அகமதாபாத்/12/09'. இன்ஃப்ளூயன்சா வைரஸ்களுக்குப் பெயரிட உலகெங்கும் ஒரே மரபுதான்: வைரஸின் வகை, விலங்கு, ஊர், வரிசை எண், ஆண்டு. மொழியியல் மாணவர்கள் கவனிக்கத்தக்க பெயரிடல் இது. ஊர்ப்பெயர் இங்கே பிறப்பிடத்தைக் குறிப்பதில்லை; மாதிரி எடுக்கப்பட்ட இடத்தை மட்டுமே குறிக்கிறது.

குறிப்பதை விட்டுக் குறிக்காததை வாசித்துவிடுவதுதான் சிக்கல். இன்று உலகெங்கும் குதிரைகளைத் தாக்கும் எச்3என்8 வகை முதன்முதலாகப் பிடிபட்டது 1963இல், மயாமி நகரில். அர்ஜென்டினாவிலிருந்து இறக்குமதியான குதிரைகளோடு வந்த வைரஸ் அது. பெயர் என்னவோ மயாமிக்குத்தான் போனது. 2008 ஜூனில் நோய் முதலில் அறிவிக்கப்பட்ட கட்ரா, வைஷ்ணோ தேவி கோயிலுக்கு ஏறும் பக்தர்களையும் சுமைகளையும் சுமக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நிறைந்த ஊர். கட்ராவுக்கும் மைசூருக்கும் இடையில் எத்தனையோ ஊர்களில் குதிரைகள் இருமியிருக்கும். மூக்கில் பஞ்சுக்குச்சி நுழையாத ஊர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நோயின் வரைபடம் என்று நாம் கொண்டாடுவது, உண்மையில் மாதிரி எடுத்தவர்கள் நடந்த பாதையின் வரைபடம்.

சோதனை எளிதானதன்று. குதிரையின் மூக்குக்குழி நீளமானது. மனிதருக்குப் பயன்படும் குச்சி தொண்டைமேற்புறம் வரை எட்டாது. நீண்ட குச்சியால் எடுத்த மாதிரியை உரிய திரவத்தில் இட்டு, குளிர்ச்சி குறையாமல் ஆய்வகத்துக்குச் சேர்க்க வேண்டும். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களில் எடுத்தால் பி.சி.ஆர். சோதனையில் வைரஸின் மரபுப்பொருள் தெரியும். ஒரு வாரம், பத்து நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் இராது. அப்போது இரத்தச் சீரத்தை இருமுறை, இரண்டு மூன்று வார இடைவெளியில் எடுத்து, எதிர்ப்பொருள் நான்கு மடங்காவது உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடுப்பூசி போட்ட குதிரைக்கும் எதிர்ப்பொருள் இருக்கும் என்பதால் ஒற்றை மாதிரி போதாது. கண்ணால் பார்த்துச் சொல்லிவிடவும் முடியாது: குதிரைகளின் ஹெர்பிஸ் வைரஸ்களான ஒன்றாம், நான்காம் வகைகளும் இதே காய்ச்சலையும் மூக்கொழுக்கையும் தருகின்றன. ஒன்றாம் வகை சினைக்குதிரையின் கருவைக் கலைக்கும்; சில வேளை பின்னங்கால்களை முடக்கும். ஆகவே 'இருமல்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவது ஆபத்து.

பெங்களூரில் ஆய்வகங்களுக்குப் பஞ்சமில்லை. ஹெப்பாளில் கால்நடை நலம் மற்றும் கால்நடை உயிரியல் மருந்துகள் நிறுவனம் இருக்கிறது. எலஹங்காவில் தேசியக் கால்நடை நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. குதிரை நோய்களுக்கென்றே அமைந்த தேசிய ஆராய்ச்சி மையம் ஹிசாரில், சாலை வழியே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் தொலைவைக் காட்டிலும் பெரிய இடைவெளி நகருக்குள்ளேயே கிடக்கிறது. ரேஸ் கோர்ஸ் சாலையின் பந்தயக் குதிரைக்கு மருத்துவர் உண்டு, தடுப்பூசி அட்டை உண்டு, இருமினால் கவனிக்க ஆள் உண்டு. வண்டி இழுக்கும் குதிரைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் குதிரைக்கும் இருப்பது உரிமையாளரின் கைவைத்தியம்.

உரிமையாளரைக் குறை சொல்வது எளிது. விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009இலேயே வந்துவிட்டது. நோய் என்று ஐயம் எழுந்தால் அறிவிக்க வேண்டியது அவர் கடமை. அறிவித்தபின் நடப்பது என்ன? குதிரையைத் தனியே கட்ட வேண்டும். காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது குதிரை மருத்துவர்களின் பழைய கணக்கு; மூன்று நாள் காய்ச்சலுக்கு மூன்று வாரம். முகூர்த்த மாதத்தில் மூன்று வாரம்! கிளாண்டர்ஸ் கண்டு கொல்லப்படும் குதிரைக்காவது இழப்பீடு உண்டு. இன்ஃப்ளூயன்சாவில் குதிரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. அதனால் இழப்பு முழுவதும் உரிமையாளர் தலையில். சோதனை இலவசமாகவே இருந்தாலும் அவருக்கு அது தண்டனைதான். அவர் வாய் திறக்காததை அறியாமை என்று எழுதும் ஆய்வேடுகள் அவருடைய கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

மறுபுறம் சுவர்கள் உயர்கின்றன. 2025 ஜூலையில் மீரட் படைமுகாமின் குதிரை வளாகம், இன்ஃப்ளூயன்சா உள்ளிட்ட நோய்கள் அற்ற தனிப்பிரிவு என்று உலக விலங்கு நல அமைப்பின் ஏற்பைப் பெற்றது. வரவேற்கத்தக்கது, ஐயமில்லை. பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றது ஜெர்மனியில் பயின்று. நோயற்ற பகுதி என்ற சான்று இல்லாததால் இந்தியக் குதிரைகள் வெளிநாட்டுப் போட்டிக்குப் போக இயலாத நிலை நெடுநாள் இருந்தது. ஆயினும் சுவரை மட்டும் நம்பிய நாடுகளின் கதை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 2007இல் அங்கே தனிமைப்படுத்தல் நிலையத்தில் இருந்த குதிரைகள் தடுப்பூசி போட்டவை. நிலையத்துக்கு வந்துபோன ஆள் வழியாகவோ பொருள் வழியாகவோ வைரஸ் வெளியேறியிருக்கலாம் என்பது விசாரணை ஆணையத்தின் முடிவு. ஏறத்தாழ பத்தாயிரம் இடங்களில் எழுபத்தாறாயிரம் குதிரைகள் நோயுற்றன. லாடம் அடிப்பவர், புல் கொண்டுவருபவர், பராமரிப்பாளர் ஆகியோர் பெங்களூரிலும் மதிலின் இருபுறமும் நடப்பவர்களே.

2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகள் 3.4 லட்சம், 2012இல் இருந்ததில் ஏறத்தாழ பாதி. எண்ணிக்கை இவ்வளவு சுருங்கியிருப்பதால் செலவைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க இடமில்லை. ஒரு பி.சி.ஆர். சோதனையின் விலையை மட்டும் திட்டத்தில் எழுதி நிறுத்தாமல், நோய் உறுதியான குதிரையின் ஓய்வு நாள்களுக்கான கூலியையும் அதே திட்டத்தில் எழுத வேண்டும். பந்தயப் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்கு வருவதும் தகும். வண்டிக் குதிரையின் இருமல் தெரியாமல் இருப்பதன் இழப்பு கடைசியில் பந்தய லாயத்தையும் சேர்கிறது. 2008இன் பரவலில் பல நகரங்களில் பந்தயங்கள் நின்றுபோனதை அந்தத் துறையினர் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்னொன்று, சிறியது. ஆய்வக அறிக்கையில் 'நெகடிவ்' என்று வந்தால், உரிமையாளர் அதை 'நோய் இல்லை' என்றே வாசிப்பார். அது சொல்வதோ, அன்றைய மாதிரியில் அந்த வைரஸ் கிடைக்கவில்லை என்பதை மட்டும். சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் கன்னடம், தக்கனி உருது, தமிழ் மூன்றும் புழங்குகின்றன. எத்தனை நாள் குதிரையைத் தனியே கட்ட வேண்டும், மறுபடி என்றைக்கு மாதிரி தர வேண்டும் என்ற இரண்டு வரிகளை இந்த மூன்று மொழிகளிலும் அறிக்கையின் அடியில் அச்சிட ஓர் ஆய்வகத்துக்கு ஒரு பிற்பகல் போதும்.