ஆசிட் ஊற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்

"உப்புத் தண்ணி குளம் சார், குளோரினே கிடையாது!" இப்படி யாராவது நீச்சல் குளத்தைப் பற்றிப் பெருமை பேசினால் நம்பிவிடாதீர்கள். உப்பைப் போடுவதே குளோரின் எடுக்கத்தான். பல்கலைக்கழகம் இருக்கிற அதே காலாப்பட்டில், கெம்ஃபாப் ஆலை உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தித்தான் குளோரின் எடுக்கிறது. ஓட்டல் பம்ப் ரூமில் இருக்கும் செல் அதற்குக் குட்டித் தம்பி. லிட்டருக்கு 3, 4 கிராம் உப்பு (கடலில் 35 கிராம்), பூச்சு பூசிய டைட்டானியம் தகடுகள், கொஞ்சம் மின்சாரம். அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் செல்லைப் பராமரிக்கும் லட்சணம் இருக்கிறதே... குளம் பச்சை தட்டினால் ஒரு மூட்டை உப்பு. அதற்கும் மசியவில்லையா, ஆசிட். அப்புறம் புதுச் செல். தண்ணீரை மட்டும் யாரும் சோதிப்பதில்லை!

மெஷின் 'உப்பு குறைவு' என்று காட்டினால் உப்பு குறைவு என்றே அர்த்தமாகாது. அது பாயும் மின்சாரத்தை வைத்துத்தான் உப்பைக் கணக்கிடுகிறது. தகட்டில் சுண்ணாம்பு படிந்தாலும், பூச்சு தேய்ந்தாலும் அதே எச்சரிக்கைதான் வரும். புதுச்சேரி கடலோர ஊர். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் கலந்தது. போதாததற்கு, செல் ஓட ஓட குளத்தின் பி.எச். ஏறும். 7.2க்கும் 7.6க்கும் நடுவே அதை நிறுத்தாவிட்டால் சுண்ணாம்பு படியத்தான் செய்யும்.

உண்மையிலேயே உப்பு குறைவதும் உண்டு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் இங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நாலடி ஆழக் குளம் அப்படி நிரம்பி வழிந்தால் கால்வாசி உப்பு போய்விடும். இரண்டில் எது என்று மெஷின் சொல்லாது, தனியாக உப்பை அளந்தால்தான் தெரியும். உப்பு சரி, தகடும் சுத்தம், ஆனாலும் குளோரின் நிற்கவில்லையா? வெயில் தின்றிருக்கும். சயனூரிக் ஆசிட் அளவைப் பாருங்கள்.

ஆசிட் கடைசி வைத்தியம். தகட்டில் வெள்ளைப் படிவு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட், சில நிமிடம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. அடிக்கடி ஊற்றினால் படிவோடு பூச்சும் போகும், அப்புறம் செல் வெறும் தகரம்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி, ஊற்றுவது யார்? காற்றோட்டமில்லாத பம்ப் ரூமில், கையுறைகூட இல்லாமல் நிற்கிற பையன். பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர் மூட்டை. இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915இல் ஈப்ரு போர்முனையில் பிரெஞ்சுப் படையினரைக் கொன்றது அதே வாயுதான். கடற்கரைச் சாலையில் அந்தப் போரில் இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிற ஊருக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?

சோதனைப் பெட்டி சில நூறு ரூபாய். செல் பல ஆயிரம். முதலாளிகளுக்கு இந்தக் கணக்காவது புரியட்டும். அந்தப் பையனின் நுரையீரலுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தேய்மானம் எழுத முடியாது.