பயிற்சியாளரை மாற்றினால் போதுமா?



2019-இல் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரின் எல்லா ஆட்டங்களையும் வென்று கிராண்ட்ஸ்லாம் பெற்ற வேல்ஸ் ரக்பி அணி, 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் விழுந்தபின் எழவே இல்லை. 2024-இல் ஆடிய 11 டெஸ்ட்களிலும் தோல்வி.

2025 பிப்ரவரியில் இத்தாலியிடமும் தோற்றதும் பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் விலகினார். அடுத்த மாதமே கார்டிஃபில் இங்கிலாந்து 68-14 என நொறுக்கியது. கோளாறு அவரிடம் மட்டும் இல்லை.

மூத்த வீரர்கள் அலுன் வின் ஜோன்ஸும் ஜஸ்டின் டிப்யூரிக்கும் ஓய்வுபெற்றார்கள். இளம் வீரர் ரீஸ்-ஸாமிட் அமெரிக்கக் கால்பந்துக்குப் போனார். புதியவர்களை வளர்க்க வேண்டிய நான்கு மண்டல அணிகளோ பணமின்றித் தவித்தன.

2025 ஜூலையில் கோபேயில் ஜப்பானை 31-22 என வென்றபோதுதான் 18 தோல்விகளின் தொடர் அறுந்தது. ரசிகர்களின் அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை: நவம்பரில் கார்டிஃபில் தென்னாப்பிரிக்காவிடம் 0-73. வேல்ஸ் ரக்பி சங்கம் முதலில் மண்டல அணிகளின் நிதிக்கு வழிகாண வேண்டும்.

— ஒரு ரக்பி ரசிகர்