என் சீட்டுக்கட்டில் கை வைக்காதீர்கள்

பொங்கலுக்கு வந்த சித்தப்பா கண்ணில் என் அலமாரிச் சீட்டுக்கட்டு பட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் கூடத்தில் ரம்மி. ஒரு கையில் முறுக்கு, மறு கையில் 13 சீட்டு. இறக்குகிற சீட்டையெல்லாம் பாயில் ஓங்கி அடிக்கிறார்கள். “அது வித்தை பழக வெச்சிருக்கிற கட்டு சித்தப்பா” என்றேன். “சீட்டுதானேடா, கடையில வேற வாங்கிக்க” என்றார்.

மறுநாள் பார்த்தால் ஆர்ட்டின் ஏழின் முதுகில் கட்டைவிரல் ரேகை எண்ணெயாகப் பதிந்திருக்கிறது. மூலை மடங்கி வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. இனி 52 சீட்டுக்கு நடுவில் எங்கே ஒளித்தாலும் என் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணும் கண்டுபிடித்துவிடும். அப்புறம் எங்கே வித்தை?

அது பைசைக்கிள் கட்டு. 1885 முதல் அமெரிக்காவில் வருகிற சீட்டு. இரண்டு தாளை ஒட்டி, மேலே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னச் சின்னக் குழிகள் அழுத்தியிருப்பார்கள். குழியில் நிற்கிற காற்றுதான் சீட்டின் மேல் சீட்டை வழுக்கவிடுகிறது. எண்ணெயும் அழுக்கும் அடைத்தால் விசிறி விரியாது, கொத்துக் கொத்தாக நிற்கும். இரண்டு சீட்டை ஒன்றுபோல எடுக்கப் போனால் மூன்று ஒட்டிக்கொண்டு வரும். 26-க்கு 26 பிரித்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கிற ஃபாரோ கலைப்பு இருக்கிறது. மேல்சீட்டு மேலேயே நிற்க, பிசகாமல் 8 முறை செய்தால் கட்டு பழைய வரிசைக்கே திரும்பும். ஓரம் நைந்த சீட்டில் ஒரு முறைகூடக் கோக்க முடியாது.

மனுஷர்கள் ஒரு பக்கம் என்றால் அரியாங்குப்பத்துக் காற்று மறுபக்கம். ஒருபுறம் ஆறு, கூப்பிடு தூரத்தில் கடல். ஐப்பசி, கார்த்திகையில் அப்பளமே நமுத்துப் போகிற ஊரில் தாள் என்ன செய்யும்? ஈரம் குடித்து ஓடு மாதிரி வளைகிறது. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து டப்பாவில் போடுகிறேன். கட்டின் மேல் கனமான அகராதியை ஏற்றி வைக்கிறேன். கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் தொடுகிறேன். பிளாஸ்டிக் சீட்டு நனையாதுதான். ஆனால் அது துள்ளும், வழுக்கும். தாள்சீட்டு போலக் கைக்கு அடங்காது.

மிருதங்கத்தை எண்ணெய்க் கையோடு யாராவது தட்டிப் பார்ப்பார்களா? வீடே பதறாதா? எனக்கு வாத்தியம் இந்தக் கட்டுதான். சீட்டு என்றால் நம்மவர்களுக்குச் சூதாட்டம், இல்லையென்றால் ஏலச்சீட்டு. ஒரே அசைவைக் கண்ணாடி முன்னால் மாசக்கணக்கில் பழகுகிறவன் இருக்கிறான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

ரம்மி ஆடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கென்றே டிவிக்குப் பக்கத்தில் ஒரு கட்டு வாங்கி வைத்துவிட்டேன். முறுக்கு தின்றுகொண்டே ஆடுங்கள், ஓங்கி அடியுங்கள். அலமாரியில் இருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.