பணிக்கேற்ற நெறி

தொழிற்கூடங்கள் நிறைந்த நம் பாடி, ஒழுங்குமுறைக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கு இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998ஆம் ஆண்டில் ஜப்பானின் டெமிங் விருதை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது. ஆயிரமாவது பிரேக்கும் முதலாவதைப் போன்றே அமைய வேண்டும். ஆதலின் அங்கே மாறாத செயல்முறையே உயிர்நாடி.

மென்பொருள் ஆக்கமோ அத்தகையதன்று. எழுதி முடித்ததைப் படியெடுக்க உழைப்பே தேவையில்லை. ஆகவே எழுதப்புகும் ஒவ்வொன்றும் புதுப்பணியே. தேவையறிதல், வடிவமைத்தல், எழுதுதல், சோதித்தல் முதலிய படிநிலைகளை 1970இல் வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ், அவற்றை ஒரே ஓட்டமாகக் கடக்க நினைப்பது இடர் தரும் என்று அக்கட்டுரையிலேயே எச்சரித்தார். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 வல்லுநர்கள், சிறுசிறு பகுதிகளாகச் செய்து பயனாளரிடம் காட்டித் திருத்தும் நெறியை வலியுறுத்தினர். இவற்றுள் எது சிறந்தது என வாதிடுவோர் பலர். எந்தப் பணிக்கு எனக் கேட்போர் சிலரே.

நம் புலவர்கள் இக்கேள்வியை நன்கறிந்திருந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாட உமறுப்புலவர் காப்பிய வடிவைத் தேர்ந்தார். மார்க்க விளக்கத்தை வினாவிடையாகத் தர, 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் மசலாவை மேற்கொண்டார். வடிவம் வேறாயினும் இருவரும் யாப்பைக் கைவிட்டாரல்லர்.

மென்பொருளுக்கும் இதுவே பொருந்தும். 1985 முதல் 1987 வரை தெராக் 25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியில் நேர்ந்த மென்பொருட் பிழை, நோயாளிகள் சிலரின் உயிரைப் பறித்தது. அத்தகைய பணியில் ஒவ்வொரு தேவையும் முன்னரே எழுதப்பட்டு, சோதித்துப் பதியப்பட வேண்டும். கல்லூரி நூலகப் பட்டியலுக்கோ, வாரந்தோறும் ஒரு பகுதியை நூலகரிடம் காட்டித் திருத்திக்கொள்வதே தக்கது. ஆவணங்களைக் குறைக்கலாம், சோதனையைக் கைவிடலாகாது.

ஆயின் மாணவர்களின் திட்ட அறிக்கைகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவையாக உள்ளன. மென்பொருள் முடிந்த பின்னர் வடிவமைப்பு இயல் எழுதப்படுவதும் உண்டு. ஒழுங்கு என்ற பெயரில் அங்கே பாவனையே கற்பிக்கப்படுகிறது. இம்முறையை ஏன் கொண்டோம், எதனை ஏன் விட்டோம் என ஒரு பக்கமேனும் எழுதுமாறு ஆசிரியப் பெருமக்கள் பணித்தல் வேண்டும். அம்பத்தூருக்கும் அதற்கப்பாலும் வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அப்பயிற்சி என்றும் துணை நிற்கும். இறைவன் அருள்புரிவானாக!